எட்டாம் நம்பர் லயத்து மோதிரம்

1

போன வருஷம் பங்குனியில் முசிறியிலிருந்து என் அண்ணி ஒரு கடிதம் எழுதியிருந்தாள். சரசுவின் மோதிர விரலை நூலால் சுற்றி அளந்து, அந்த நூலைப் பதில் கடிதத்துக்குள் வைத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். அண்ணியின் தம்பி மகனுக்குச் சரசுவைக் கேட்கிறார்கள். பையன் மின்சார இலாகாவில் இருக்கிறான். ஒரு பவுனில் சிவப்புக்கல் வைத்து மோதிரம் செய்ய ஆசாரியிடம் பேசியாகிவிட்டதாம். அளவு ஒன்றுதான் பாக்கி.

சரசு எங்களுக்கு ஒரே மகள். வயது இருபது. நான் இலங்கைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. கல்யாணமான மூன்றாவது மாதம் என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து வந்தோம். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவர் டீமேக்கர். ஃபெக்டரியில் தேயிலை ஆக்குவதற்குப் பொறுப்பானவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் பாஸ்போர்ட் இந்தியாவுடையது. இங்கே இருப்பதற்குக் கொழும்பில் அனுமதி வாங்கி, அதைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டே வர வேண்டும். அவருக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்தால் வேலை போகும். வேலை போனால் அனுமதியும் போகும். பிறகு கப்பலேறுவதுதான்.

சரசு இங்கேயே பிறந்தவள். ஆனாலும் அவள் பெயர் அப்பாவின் தாளில்தான் இருக்கிறது. இங்கே பிரஜாவுரிமை உள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால், அவள் கண்ணால் பார்த்திராத ஊருக்கு எங்களோடு வர வேண்டும். வரட்டும் என்றுதான் நான் நினைத்தேன். இருக்கிற ஒரே பிள்ளையைக் கடலுக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டு அங்கே போய் நான் யார் முகத்தைப் பார்ப்பது? அதனால் தையல் டப்பாவிலிருந்து நூலை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

“கையை நீட்டு.”

“எதுக்கும்மா?”

சொன்னேன். உடனே விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“வேணாம்னு அத்தைக்கு எழுதிருங்க. அந்த ஊர்ல போயி நான் பாண் வேணும்னு கேட்டா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க.”

“பாண் இல்லாட்டி இட்லி தின்னு.”

“இட்லி தின்னுருவேன். நான் பேசுற ஒவ்வொரு பேச்சுக்கும் சிரிப்பாங்களே, அதை என்னா செய்றது?”

அது உண்மைதான். ரொட்டியைப் பாண் என்பாள், பாட்டிலைப் போத்தல் என்பாள். அவள் தமிழில் எழுதிய கடிதத்துக்கே அண்ணி என்னிடம் அர்த்தம் கேட்டு எழுதியிருக்கிறாள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. “நான் நம்ம ஸ்கூல் வாத்தியாரைக் கட்டிக்கிறேம்மா,” என்றாள்.

வாத்தியார் என்றால் செல்வராசு. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். சரசு அங்கே போய்ச் சிறு பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுப்பாள். எங்கள் ஆட்கள்தான், அவர் தாத்தாவின் ஊர் துறையூர்ப் பக்கம். அப்பா உயிரோடு இருந்தபோது விண்ணப்பம் போட்டுக் குடும்பத்துக்கே பிரஜாவுரிமை பதிந்து வைத்திருந்தார். எல்லாம் சரி. ஆனால் அம்மா மாரியாயி மலையில் கொழுந்து எடுக்கிறவள். குடியிருப்பது எட்டாம் நம்பர் லயம். லயம் என்பது தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். உத்தியோகஸ்தர் வீடுகளிலிருந்து அங்கே பெண் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

“லயமாச்சே,” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“நான் மட்டும் என்ன பங்களாவுலயா பொறந்தேன்?” என்றார் அவர். அவருக்குப் பையனைப் பிடித்திருந்தது.

2

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். சின்ன வயதிலிருந்தே கூச்சம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. தலை தானாகக் குனிந்துவிடும். குனிந்தால் கண்ணில் படுவது கைதான்.

எங்கள் ஊரில் நிச்சயத்துக்கு மோதிரம் போடும் வழக்கமெல்லாம் அப்போது இல்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, ஒரு சேலை. தட்டு மாற்றினால் நிச்சயம். இங்கே வந்த பிறகுதான், உத்தியோகஸ்தர் வீடுகளில் நிச்சய மோதிரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரத் துரைசாணி கையில் பார்த்துப் பழகிய வழக்கம் என்று சொல்வார்கள். ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், பிஸ்கட் தட்டை நீட்டும் கையில் எல்லோருடைய கண்ணும் அந்த ஒரு விரலுக்குத்தான் போகும்.

குனிந்த தலை எனக்கு அதற்கு வசதியாக இருந்தது. கல் பெரிதாக இருந்தால் மாமனார் வீடு தாராளம். தகடு மெலிசாக இருந்தால் கஞ்சம். லொடலொடவென்று இருந்தால் இரவல். விரலில் பச்சை படிந்திருந்தால் பித்தளை. சதைக்குள் புதைந்து கழற்ற முடியாமல் இருந்தால் நல்ல குடும்பம். அந்த அம்மாள் வாயைத் திறந்து பேசுவதற்கு முன்பே நான் தீர்ப்பு எழுதி முடித்திருப்பேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதால் அது தவறு என்றும் தோன்றவில்லை.

ஒரே ஒருமுறைதான் சொன்னேன். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஃபெக்டரியில் தேயிலை சலிக்கும் அறைக்குள் மோதிரம், வளையல் போட்டுக்கொண்டு போகக் கூடாது. எப்போதோ ஒரு மோதிரம் தூளில் விழுந்து, அதைத் தேடுவதற்காக அரை நாள் வேலை நின்றதாம். அதிலிருந்து வாசலில் ஒரு பலகை மாட்டி ஆணிகள் அடித்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் கழற்றி மாட்டிவிட்டுப் போவார்கள், வேலை முடிந்து எடுத்துக்கொள்வார்கள். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வர முடியாது. நான் கொண்டு போவேன். அவர் வரும் வரைக்கும் பலகைக்குப் பக்கத்தில் நிற்பேன்.

அங்கே ஒரு மோதிரம் இருந்தது. முகப்பில் மாவிலை, ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. முதலில் காளியம்மா என்ற பெண் அதைக் கழற்றி மாட்டியதைப் பார்த்தேன். அவளுக்குப் பரிசம் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். மறு வருஷம் அதே மோதிரத்தை ராமாயி மாட்டினாள். அவளுக்கும் பரிசம் போட்டிருந்தது. அதற்கடுத்து முனியம்மா. விரலுக்கு நிற்பதற்காக உள்பக்கம் சுற்றியிருந்த நூலின் நிறம்தான் மாறியது.

இதைத் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டு ராஜேஸ்வரி அக்காவிடம் சொன்னேன். “அக்கா, இந்தப் பிள்ளைங்க ஒரே மோதிரத்தைச் சுத்திச் சுத்திப் போட்டுக்கிட்டுப் பரிசம்னு சொல்லுதுங்க,” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கோப்பைத் தேநீர் மடியில் கொட்டியது. நான் சொல்லி ஒருவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அது எங்கள் குவாட்டர்ஸ் வீடுகளில் வழக்கச் சொல்லாகிவிட்டது. யாராவது குடை இரவல் கேட்டால், “என்ன, சுத்துற மோதிரமா?” என்பார்கள்.

3

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட மாரியாயி வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். லயத்திலிருந்து ஒன்பது பேர் இருக்கும். எங்கள் பக்கத்தில் ராஜேஸ்வரி அக்காவும் இன்னும் நாலைந்து பேரும். மாரியாயி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொழுந்துக் கறை நகக் கண்ணில் ஏறியிருந்தது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அது போகாது.

இடுப்பிலிருந்து ஒரு சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள். கழுவித் துடைத்த புது டப்பா. திறந்து, “பொண்ணு, கையைக் குடும்மா,” என்றாள். சரசு கையை நீட்டினாள். நான் வழக்கம்போலக் குனிந்துதான் இருந்தேன்.

மாவிலை. நசுங்கிய ஓரம். உள்ளே சிவப்பு நூல்.

“இது முனியம்மா போட்டிருந்த மோதிரமில்ல?”

சொன்னது நான்தான். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அறை அமைதியாக இருந்தது.

“அட, சுத்துற மோதிரம் நம்ம வீட்டுக்கே சுத்திக்கிட்டு வந்திருச்சா!” என்றாள் ராஜேஸ்வரி அக்கா. எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.

மாரியாயிக்கு முதலில் புரியவில்லை. அவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரித்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

“ஆமாங்கம்மா. முனியம்மா போட்டிருந்ததுதான். அதுக்கு முந்தி ராமாயி. அதுக்கு முந்தி காளியம்மா. எங்க லயத்துல யாருக்குப் பரிசம்னாலும் இதான் மோதிரம்.”

“அப்ப எங்க சரசு எத்தனையாவது ஆளு?” என்றாள் ராஜேஸ்வரி அக்கா மறுபடியும்.

“பதினொண்ணாவது ஆளுங்கம்மா. எண்ணி வச்சிருக்கோம். இதைப் போட்ட ஒருத்தி குடும்பமும் கெட்டுப்போகல.”

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். சமாளிக்க வேண்டும் என்று நினைத்து, “பரவால்ல மாரியாயி. நாங்களே புதுசா ஒண்ணு செஞ்சு தர்றோம். நீங்க போட்டதா இருக்கட்டும். வெளிய யாருக்கும் தெரியாது,” என்றேன்.

உதவி செய்வதாகத்தான் நான் நினைத்தேன். மாரியாயி டப்பாவை மூடினாள்.

“எம் மகன் போடுற பரிசத்துக்கு ஒங்க மோதிரமா? அது வேணாங்கம்மா.”

எழுந்தாள். மகனைப் பார்த்து, “வாப்பா,” என்றாள். செல்வராசு சரசுவை ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் போனார். கொண்டுவந்த பழத்தட்டுகளை எடுக்காமலே எல்லோரும் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

4

சரசு என்னோடு சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததைப் பேசவில்லை. வீட்டுக்காரரும் ஃபெக்டரிக்குச் சீக்கிரம் போய்த் தாமதமாக வந்தார்.

உண்மையை எழுதுகிறேன். முதல் சில நாட்கள் மனதுக்குள் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இனி இவள் எங்களோடு வந்துவிடுவாள், அங்கே மூன்று பேரும் சேர்ந்து இருப்போம் என்ற நிம்மதி. அண்ணிக்கு என்ன எழுதலாம் என்று மனதில் வாக்கியம்கூட அமைத்துப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சரசு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் நூல்.

“அளந்துக்கங்க,” என்றாள்.

“என்னத்தை?”

“விரலை. அத்தைக்கு அனுப்பணும்ல? எந்த விரல் வேணும்னாலும் அளந்துக்கங்க.”

கையை என் மடிமேல் வைத்தாள். கோபமில்லை. கடைக்காரனிடம் பையை நீட்டுகிற மாதிரி வைத்தாள். நானும் நூலை எடுத்து மோதிர விரலில் ஒரு சுற்றுச் சுற்றினேன். கை சில்லென்று இருந்தது. விரல் கொஞ்சம்கூட அசையவில்லை. முடிச்சுப் போட வேண்டும். போட்டால் அளவு வந்துவிடும். அளவு போனால் மோதிரம் வந்துவிடும். மோதிரம் வந்தால் இந்தக் கையும் என்னோடு வந்துவிடும். ஆனால் இப்படித்தான் வரும்.

எனக்கு முடிச்சுப் போட வரவில்லை. நூலை உருவி எடுத்துவிட்டு, “போயி மொகத்தைக் கழுவு,” என்றேன்.

வீட்டுக்காரரிடம், “நீங்க போயி மாரியாயிகிட்டப் பேசுங்க,” என்று கேட்டேன்.

“நான் பேசினா ஃபெக்டரிப் பேச்சாப் போயிரும். அது தொழிலாளி, நான் டீமேக்கரு. சொன்னது நீ. நீதான் போகணும்.”

5

இருபத்தைந்து வருஷத்தில் நான் லயத்துக்குப் போனதே இல்லை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கூரை தெரியும். ஏறிப் போக இருபது நிமிஷம். அவ்வளவுதான் தூரம்.

வேலை முடிந்து கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பியிருந்த நேரம். தண்ணீர் விழும் பீலியில் ஏழெட்டுப் பேர் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, “யாரு, டீமேக்கரம்மாவா? மோதிரம் எண்ண வந்தீங்களா?” என்றாள்.

“ஏய், எல்லாரும் கையை மறைச்சுக்கங்கடி!” என்றாள் இன்னொருத்தி. பீலியே சிரித்தது.

என் தலை குனிந்துவிட்டது. கைகளைப் பார்த்தேன். ஈரக் கைகள். ஒருத்தி விரலில்கூட மோதிரம் இல்லை.

முனியம்மா முன்னால் வந்து இடது கையை என் கண்ணுக்கு நேராக நீட்டினாள். “நல்லாப் பாத்துக்கங்கம்மா. ஒங்க மகளுக்குன்னு கழட்டிக் குடுத்தேன். கழட்டுனதைத் திரும்பப் போடக் கூடாது, அதான் எங்க வழக்கம். இப்ப அது டப்பாவுல கெடக்குது. ஒங்க மக போடாம, டப்பாவுலருந்து எடுத்து அடுத்த புள்ளைக்குப் போடவும் கூடாது. அவளுக்கு ஒங்க மக கையிலருந்துதான் போகணும். பாக்கியத்துக்கு ஆனி மாசம் பரிசம் வச்சிருந்துச்சு. அதுவும் நின்னு போச்சு.”

பாக்கியம் என்ற பெண் வாளியோடு நின்றிருந்தாள். கன்னம் உப்பிய சின்னப் பெண். என்னைப் பார்க்கவில்லை.

என் ஒரு பேச்சில் என் மகள் கல்யாணம் மட்டும்தான் நின்றது என்று நினைத்திருந்தேன்.

சத்தம் கேட்டு மாரியாயி தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலுக்கு வந்தாள். “வாங்க,” என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. நான் படிக்குக் கீழே நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. என் கையை நீட்டினேன்.

“இந்த மோதிரத்தைப் பாருங்க. இது எங்க நிச்சயத்துக்குப் போட்டதில்ல. எங்க ஊர்ல அந்த வழக்கமே கெடையாது. இங்க வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, மத்தவங்க கையைப் பாத்துட்டு, இவரை நச்சரிச்சு ஹட்டன்ல வாங்குனது. கேட்டவங்ககிட்ட எல்லாம் நிச்சய மோதிரம்னு சொல்லி வச்சிருக்கேன்.”

மாரியாயி குனிந்து என் விரலைப் பார்த்தாள். “இதை ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க?”

“ஒங்க மோதிரத்தைப் பத்திப் பேச எனக்கு யோக்கியதை இல்லன்னு சொல்லத்தான்.”

பின்னாலிருந்து முனியம்மா, “அப்ப அது பொய் மோதிரமா?” என்றாள்.

“தங்கந்தான். நான் சொன்ன பேச்சுத்தான் பொய்.”

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாரியாயி பலகை போட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். மோதிரத்தின் கதையைச் சொன்னாள். அவள் புதிதாகக் கல்யாணமாகி வந்த காலத்தில், தலவாக்கலையிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், உத்தியோகஸ்தர் வீட்டு வழக்கப்படி பெண் விரலுக்கு மோதிரம் உண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்றதும் எழுந்து போய்விட்டார்களாம். அந்தப் பெண் நாலு நாள் வேலைக்கு வரவில்லை. லயத்தில் பத்து வீடு. பத்து வீடும் சேர்ந்து இதைச் செய்தார்கள். இனிமேல் எங்கள் பெண் எவளும் விரலைப் பார்த்து ஒதுக்கப்படக் கூடாது என்று பேசி வைத்தார்கள்.

“இப்ப கேளுங்கம்மா,” என்றாள் மாரியாயி. “இது ஒருத்திக்குச் சொந்தமில்ல. அடுத்த புள்ளைக்குப் பரிசம் வந்தா, ஒங்க மக தன் கையால கழட்டிக் குடுத்துறணும். பெட்டியில வச்சுப் பூட்டக் கூடாது. ஊருக்குப் போறவளுக்கு இதை நாங்க போட மாட்டோம். கடல் தாண்டிப் போயிருச்சுன்னா எங்களுக்குத் திரும்பி வருமா? ஒங்க ஐயாவுக்கு வேலை முடியப் போகுதுன்னு சொல்லிக்கிறாங்க. நீங்க போயிருவீங்க. ஒங்க மக இங்கதான் இருப்பாளா? அதை நீங்க சொல்லணும். அவ சொல்லிட்டா. ஒங்க வாயால வேணும்.”

பீலியிலிருந்த பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“இருப்பா,” என்றேன்.

“சத்தமாச் சொல்லுங்கம்மா, பீலித் தண்ணியில கேக்கல,” என்றாள் முனியம்மா.

“இங்கதான் இருப்பா.”

மாரியாயி என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். “தேத்தண்ணி ஆறிப்போச்சு, சம்பந்தியம்மா. குடுங்க, வேற ஊத்துறேன்,” என்றாள்.

6

இரண்டாம் தடவை பரிசம் லயத்திலேயே நடந்தது. நாங்கள் மேலே போனோம். ராஜேஸ்வரி அக்காவையும் கூப்பிட்டேன்; கால் வலி என்று வரவில்லை. சரசுவின் விரலில் மோதிரம் இருபத்தெட்டு நாள்தான் இருந்தது. பாக்கியத்துக்குப் பரிசம் வந்ததும் கழற்றி அவள் விரலில் போட்டுவிட்டாள். பாக்கியத்துக்கு விரல் தடிப்பு. உள்ளே இருந்த நூலை முழுவதும் எடுத்த பிறகும் சோப்புப் போட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

தையில் கல்யாணம் நடந்தபோது சரசுவின் விரல் வெறுமனே இருந்தது. குவாட்டர்ஸ் பெண்கள் பார்த்தார்கள். என்ன தீர்ப்பு எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். பல வருஷம் நானே எழுதியவள்தானே. அண்ணிக்கு மட்டும் சுருக்கமாக ஒரு கடிதம் போட்டேன். இன்னும் பதில் இல்லை.

போன மாதம் தாள்களைச் சரி செய்வதற்காகக் கொழும்புக்குப் போனோம். அவருக்கு வருகிற சித்திரையோடு வேலை முடிகிறது. சரசுவும் கூட வந்தாள், கல்யாணப் பதிவுத் தாளோடு. காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி சிங்களவர். பதிவுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சரசுவின் கையைப் பார்த்தார். கல்யாணமானவள் விரலில் மோதிரம் எங்கே என்று கேட்டார். அந்த அளவு சிங்களம் எனக்குப் புரியும். சரசு பதில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். பீலி, டப்பா, பாக்கியத்தின் தடித்த விரல் எல்லாவற்றையும் கையால் காட்டிச் சொன்னாள் போலிருக்கிறது. அதிகாரி சிரித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவர் ஏதோ கேட்டார். சரசு திருப்பி ஏதோ சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பாதிதான் புரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். எங்களுக்காக அரைகுறைத் தமிழில் கேட்டார்.

“வந்தது எத்தனை ஆள்?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

“ரெண்டு பேருங்க,” என்றேன் நான்.

“போறது எத்தனை ஆள்?”

சரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. வயதானவர்தான், கண்ணாடிக்குப் பின்னால் களைத்த கண்கள்.

“ரெண்டு பேருங்க.”

“அப்போ எல்லாம் சரி,” என்று சொல்லி அவர் முத்திரை குத்தினார்.